கண்டியில் மூன்று நாட் சமையல்

ஓய்வு என்ற சொல்லை நாம் மிக இலகுவாக உச்சரித்து விடுகின்றோம். தவணை முடிந்தால் ஆசிரியர்க்கு ஓய்வு. ஆலைச் சங்கு ஒலித்தால் தொழிலாளிக்கு ஓய்வு. பரீட்சை முடிந்தால் மாணாக்கர்க்கு ஓய்வு. ஆயின், அடுப்புக்கு ஓய்வு எப்போது? அந்த அடுப்பின் முன் நிற்பவருக்கு ஓய்வு எப்போது? பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் உழைப்பின் உயர்வைப் பற்றிப் பாடம் சொல்லி வந்த நாம், இக்கேள்வியை ஒருநாளேனும் எம்மை நோக்கிக் கேட்டதில்லை. அதனைக் கேட்கவைத்தது கண்டி மாநகரிலே ஒரு வாடகைச் சமையலறை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத விடுமுறை. பெரஹரா முடிந்து, யானைகளும் கூட்டமும் கலைந்துவிட்ட நாட்கள். நாம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவராதலின், அந்த மலைகளையும் மகாவலிக் கரையையும் எம் துணைவியாருக்கும் எட்டு வயது மகளுக்கும் காட்டவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. முதுமையுற்ற எம் தாயாரும் உடன் வந்தார். நால்வர் விடுதியிலே தங்கி மூன்று வேளையும் அங்கேயே உண்பதென்றால் ஆசிரியச் சம்பளம் தாங்காது. எனவே, அந்தானை மலைச்சரிவிலே, தாமே சமைத்துண்ணும் வசதியோடு வாடகைக்கு விடப்படும் தொடர்மாடி வீடொன்றைப் பேசிக்கொண்டோம். சிக்கனமும் சுதந்திரமும் ஒருங்கே கிடைத்தன என்று எமக்குள் பெருமிதம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை நெருங்கும்போது, பேருந்தின் சாளரத்தருகே இருந்த மகளுக்கு வரலாற்றுப் பாடம் ஒன்று நடத்தினோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, தம்புள்ளை மாத்தளை வழியாகத்தான் மலையேறினார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர் என்று சொன்னோம். மகள் கேட்டாள்: “நடந்து வரேக்கை அவையள் எங்கை சமைச்சவை, அப்பா?” எம்மிடம் விடை இல்லை. எந்தப் பாடநூலும் அதனை எமக்குச் சொல்லித் தரவில்லை.

மாடிவீடு அழகாகவே இருந்தது. கீழே மரங்களுக்கிடையே கண்டி வாவி தெரிந்தது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் குடிமக்களின் இராஜகாரிய உழைப்பைக் கொண்டு வெட்டுவித்த வாவி அது. 1815இல் ஆங்கிலேயர் அவனைச் சிறைப்படுத்தி, பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினர்; 1832இல் அங்கேயே மாண்டான். மன்னன் போனான், மண் சுமந்தவர்களின் பெயர்களோ எங்கும் இல்லை, வாவி மட்டும் நிற்கின்றது.

சமையலறைக்குள் நுழைந்த எம் துணைவியார் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஆறு மதுக் கிண்ணங்கள் இருந்தன. கோப்பி வடிக்கும் இயந்திரமும் பாண் வாட்டும் பொறியும் இருந்தன. ஆனால் நால்வருக்குச் சோறு வடிக்கத்தக்க பானை இல்லை. அம்மியோ உரலோ இல்லை. தேங்காய் துருவ ஒரு துருவலையும் இல்லை. இருந்த ஒரே கத்தி வாழைப்பழத்தையும் நசுக்கித்தான் வெட்டியது. இந்நாட்டில் நாள்தோறும் உண்ணப்படுவது சோறும் கறியும் என்பதை அறியாத ஒருவர் அமைத்த சமையலறை போலும் என்று எண்ணினோம். சுவரிலே ஆங்கிலத்தில் அச்சிட்ட விதிகள் தொங்கின. அவற்றுள் ஒன்று, கருவாடு முதலிய கடுமணப் பொருள்களைச் சமைக்கலாகாது என்பது. எம் தாயார் ஊரிலிருந்து பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்த பொதியிலே பாரைக் கருவாடு இருந்தது! விதியை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் பொதியை இன்னும் இறுக்கிக் கட்டி ஒரு மூலையில் வைத்தார். “சமைச்சுச் சாப்பிட வீடெண்டு சொன்னாய், இது வடிவு பாக்கிற வீடெல்லோ” என்றார்.

மறுநாட் காலை சந்தைக்குச் சென்றோம். மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து அதிக தூரமில்லை கண்டி மத்திய சந்தை. மேல்மாடியில் துணிகளும் நினைவுப் பொருள்களும். கீழ்த்தளத்தில் மரக்கறி, பழம், இறைச்சி, மீன், வாசனைத் திரவியம். மலைநாட்டின் குளிர்மண்ணில் விளைந்த கரட்டும் லீக்சும் கோவாவும் போஞ்சியும் மலைபோற் குவிந்திருந்தன. மிளகும் ஏலமும் கராம்பும் சாதிக்காயும் அடுக்கிய கடைகளின் முன் வெளிநாட்டார் சிலர் நின்றனர். அவர்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஒன்று. எமக்குச் சொல்லப்பட்ட விலை வேறொன்று. எம் பின்னால் வந்த, சேலையின் நிறம் மங்கிய ஒரு மூதாட்டி விலை எதுவும் கேட்கவில்லை. ஐம்பது கிராம் நெத்தலிக் கருவாடும் கொஞ்சம் செத்தல் மிளகாயும் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். ஒரே சந்தையிலே மூன்று உலகங்கள்.

கீரை விற்ற சிங்கள அம்மையாரிடம் எம் பழைய பேராதனைச் சிங்களத்தை எடுத்து விட்டோம். அவர் “கொட்டுகொல” என்றார். எம் தாயார் “வல்லாரை” என்றார். இருவரும் ஒரே கட்டைத் தொட்டுச் சிரித்துக்கொண்டனர். ஒரு பிடி கீரை அதிகமாகவே எம் பைக்குள் வந்தது. அரசியல்வாதிகள் எழுபது எண்பது ஆண்டுகளாகச் செய்யாததை ஒரு கீரைக்கட்டு செய்தது என்று எழுதினால் மிகைதான். ஆயினும், அந்த இரு முதியோர்க்கும் இடையே அக்கணத்திற் பகை ஏதும் இருக்கவில்லை என்பது மிகையன்று.

பலாப்பிஞ்சு ஒன்றும் வாங்கினோம். சிங்களத்தில் ‘பொலொஸ்’ என்பர். இந்நாட்டிற் பலா பசித்தவனின் மரம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆர்தர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலாக்கன்று நடுவதை ஓர் இயக்கமாகவே நடத்தி, மக்களால் ‘கொஸ் மாமா’ என்று அன்போடு அழைக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டில் நாடு கடன்கட்ட வழியின்றி முறிந்து, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, எத்தனையோ வீடுகளில் ஒருவேளைச் சோற்றுக்குப் பதிலாக நின்றது பலாக்காய்தான். எரிவாயுச் சிலிண்டருக்காகப் பகலிரவாக வரிசையில் நின்ற அந்த நாட்களை யார் மறப்பர்?

சந்தையிலிருந்து மீண்டதும் நாம் மாடத்திலிருந்து நாளிதழ் விரித்தோம். உள்ளே துணைவியார் மொட்டைக் கத்தியோடு பலாப்பிஞ்சை வெட்டப் போராடிக்கொண்டிருந்தார். அரிசியை இரு சிறு பாத்திரங்களில் மாறிமாறி வேகவைத்தார். தேங்காயைத் துருவ வழியின்றிக் கரண்டியாற் சுரண்டினார். பிற்பகல் இரண்டு மணிக்குச் சோறு வந்தது. உண்டு முடித்ததும் பாத்திரங்கள் குவிந்தன. அவற்றைக் கழுவி நிமிரும்போது மாலைத் தேநீர் வேளை. தலதா மாளிகைக்குச் செல்வதாக இருந்த திட்டம் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. நாம், “விடுமுறையிலும் வீட்டுச் சாப்பாடு கிடைப்பது எவ்வளவு பாக்கியம்!” என்றோம். அவர் கையைத் துடைத்தபடி சொன்னார்:

“இஞ்சாருங்கோ, நானும் ரீச்சர்தானே. உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளிலைதான் லீவு விட்டது. எனக்கு மட்டும் ஏன் இன்னும் தொடங்கேல்லை?”

கோபத்தோடு சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருப்போம். சிக்கனம் என்று நாம் கணக்கெழுதி வைத்ததெல்லாம் உண்மையில் அவருடைய கூலியில்லா உழைப்பே என்பது அப்போதுதான் விளங்கிற்று. விடுதிச் சமையற்காரனுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை மிச்சப்படுத்தினோம். அவனுடைய வேலையையோ மனைவியின் தலைமேல் வைத்தோம். முதலாளியின் கணக்கேட்டை எத்தனை மேடைகளிற் கிழித்துப் பேசியிருக்கின்றோம்! எம் சட்டைப்பையில் இருந்த கணக்கேடு வேறு எவ்வகையிற் சிறந்தது?

வீட்டைத் துப்புரவு செய்ய நாள்தோறும் ஓர் அம்மையார் வருவார். ஐம்பது வயதிருக்கும். மலைச்சரிவின் மறுபுறத்திலுள்ள தோட்டமொன்றின் லயத்தில் இருப்பவர். முன்னர் கொழுந்து பறித்தவர். முழங்கால் நோவினால் விட்டுவிட்டார். மருமகள் இன்னும் மலைக்குப் போகிறாள். துருவலை இல்லாத கதையைக் கேட்டு அவர் சிரித்தார். மறுநாட் காலை, வரும்போதே தம் வீட்டுத் துருவலையைத் துணியிற் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். பலாப்பிஞ்சின் பால் ஒட்டாதிருக்கக் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவவேண்டும் என்று எமக்குக் காட்டித் தந்தவரும் அவரே. ஆம், இரண்டாம் நாள் கத்தியைப் பிடித்தவர் நாம். துண்டங்கள் ஒன்றையொன்று ஒவ்வாமல் இருந்தன. “மாஸ்டரு வெட்டுனது கறிக்கா, வெறகுக்கா?” என்று அவர் கேட்க, எம் மகள் உருண்டு உருண்டு சிரித்தாள்.

அன்று நண்பகல் ஏதோ எடுக்கப் பின்கதவைத் திறந்தோம். அம்மையார் படிக்கட்டில், கதவுக்கு முதுகு காட்டி அமர்ந்து உண்டுகொண்டிருந்தார். மடியிலே ஒரு கோதுமை ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும். எம்மைக் கண்டதும் சேலைத் தலைப்பால் அதை மூடினார்.

அன்பர்களே, சிறுபாணாற்றுப்படையை நாம் எத்தனை முறை கற்பித்திருக்கின்றோம்! குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்ட பாணர்குடியை நத்தத்தனார் காட்டும் இடம் வந்ததும் குரலைத் தாழ்த்துவோம், மாணாக்கர் உருகுவர், நாமும் உருகுவோம், அடுத்து மணியடிக்கும். கதவடைத்த கை எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் கண்டோம். அவர் நாணியதற்கு அவர் குற்றம் எதுவுமில்லை. நாணவேண்டியவர்கள் கதவின் இப்புறத்தில் நின்றோம்.

அந்த ரொட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. கோப்பிப் பயிரை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தது. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் இட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அந்தானையில் 1925இல் எழுந்த ஆலையொன்று இன்று தேயிலை நூதனசாலை. பெருஞ்சக்கரங்களும் டெய்லரின் பொருள்களும் அங்கே காட்சிக்குண்டு. அந்தச் சக்கரங்களுக்குக் கொழுந்து கொடுத்தவர்கள் எதை உண்டார்கள்? தோட்ட நிருவாகம் அரிசியை முன்கூட்டியே அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும். மாத முடிவில் மிஞ்சுவது பற்றுச்சீட்டும் கடனுமே. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அரிசி வழங்கலைக் கூலியோடு பிணைத்தே வைத்தது. தொழிலாளியின் சோற்றுப்பானைக்குள் துரையின் கை எப்போதும் இருந்தது.

அரிசி இந்நாட்டில் அரசையே ஆட்டிய பொருள். 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தாலில் நாடு ஸ்தம்பித்தது. இரண்டு மாதத்திற் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஆயின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தமிழரின் பசிக்கு அத்தகைய வலிமை இருக்கவில்லை. வாக்கில்லாதவனின் பசி எந்த மந்திரிசபையையும் அசைப்பதில்லை. எழுபதுகளில் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். “மாவு கெடைக்காத நாள்ல மரவள்ளி எலயத் திண்ணோம்னு எங்கம்மா சொல்லும்” என்றார் அம்மையார்.

இரவு எம் குறிப்பேட்டைப் புரட்டினோம். நால்வருடைய ஒருநாள் உணவுக்கு ஏறத்தாழ 3,000 ரூபா. நாம் சிக்கனம் என்று மகிழ்ந்த தொகை அது. 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளமாகிய 1,000 ரூபாவே அவ்வேளை தோட்டத்தில் நடைமுறையில் இருந்தது. அதனை 1,700 ஆக்கும் அறிவித்தல் நீதிமன்றத் தடையில் நின்றது. அடுத்த மாதம், செப்டெம்பரில், அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்றாயிற்று. எனவே, அம்மையாரின் மருமகள் மூன்று நாள் மலையில் நின்று பறிக்கும் கொழுந்தின் கூலி, எம்முடைய ஒருநாட் சிக்கனத்திற்குச் சமம். இக்கணக்குக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அவரையும் எம்மோடு உண்ண அழைத்தோம். வீட்டுக்காரர் அறிந்தால் வேலை போகும் என்று தயங்கினார். “நாங்கள் விருந்தினர்; எங்கள் விருந்தினரை நாங்கள் அழைக்கின்றோம்” என்றார் துணைவியார். அப்பொழுது எம் தாயார் மூலையில் இருந்த கருவாட்டுப் பொதியை எடுத்து நீட்டினார். “இஞ்சை சமைக்க விடாயினமாம், நீ கொண்டு போ” என்றார். அம்மையாரோ பொதியோடு போய், ஒன்றரை மணி நேரத்தில் அதனைப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் இட்டு, மூடிய பாத்திரத்தில் ஏந்திவந்தார். சமைக்கத்தான் விதி தடை, உண்பதற்கு இல்லை!

சோற்றைப் பரிமாறிய நாம் ஐந்து கோப்பைகளை மேசையில் வைத்தோம். யாழ்ப்பாணத்திற் கோப்பை என்றால் உண்கலம். அம்மையார் தம் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவோரம் நகர்ந்தார். எம் தாயார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் மெல்லச் சொன்னார்:

“தம்பி, நீ பிறக்க முந்தி எங்கட வீட்டிலையும் ஒரு மலைநாட்டுப் பிள்ளை நிண்டது. பத்து வயசுதான் இருக்கும். விறகு, தண்ணி, பாத்திரம் எல்லாம் அதுதான். அதுக்கெண்டு ஒரு தகரக் கோப்பை. குசினிக்குப் பின்னாலை இருந்துதான் தின்னும். அந்தப் பிள்ளையின்ரை பேரை நேற்றிலை இருந்து யோசிக்கிறன். ஞாபகம் வரேல்லை.”

எவரும் பேசவில்லை. சிறிது நேரத்தின் பின் அம்மையார் சொன்னார்: “என்னயவும் அப்புடி அனுப்பத்தான் இருந்தாங்க அம்மா. எங்க பாட்டி விடல்ல.”

எம் தாயார் எழுந்து, தமக்குப் பக்கத்திலிருந்த கதிரையை இழுத்தார். “இதிலை வந்து இருங்கோ” என்றார். மூன்று நாட்களும் ‘நீ’ என்று அழைத்தவர் அவர். எழுபது வயதிற்குப் பின் ஒரு விகுதியை மாற்றிக்கொள்வது எத்துணைக் கடினம் என்பது இலக்கணம் படித்தவர்க்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்து நடுத்தர வீடுகள் தம் பண்பாட்டைப் பற்றிப் பெருமை பேசுகின்றன. அந்த வீடுகளின் பின்புறத்தில் எத்தனை தகரக் கோப்பைகள் இருந்தன? தாயாரைக் குற்றஞ்சாட்ட எமக்கு நா எழவில்லை. ஏனெனில் உண்ணும்போது அம்மையார் ஒரு செய்தி சொன்னார்: பேரன் உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கின்றான், ஆறு மாதமாகத் தமிழாசிரியர் இல்லை. அந்தச் சோறு எம் தொண்டையில் நின்றது. முதல் நியமனத்தின்போது மலையகப் பாடசாலை ஒன்றுக்கு எம்மை அனுப்ப இருந்தார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது, தாயார் தனியர் என்றெல்லாம் காரணம் காட்டி, தெரிந்தவர்களைப் பிடித்து, ஊருக்கு அண்மையிலேயே இடம் வாங்கிக்கொண்டோம். எம் தாயாரிடம் இருந்தது தகரக் கோப்பை. எம்மிடம் இருந்தது இடமாற்றக் கடிதம். இரண்டும் ஒரே உலோகத்தாற் செய்தவை.

ஊர் திரும்பிய பின் பேரனுக்குக் குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் அனுப்பி வருகின்றோம். கிழமைக்கொருமுறை தொலைபேசியிற் பாடமும் நடக்கின்றது. இதனைத் தொண்டு என்று எவரும் சொல்லவேண்டாம். வாங்கிய கடனில் வட்டியின் ஒரு பகுதி அது. முதல் அப்படியே இருக்கின்றது. ஒரு பேரனுக்குத் தொலைபேசியிற் பாடம் சொல்வதால் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வந்துவிட மாட்டார்கள். அதற்கு ஆசிரியர் சங்கங்கள் தம் சம்பளக் கோரிக்கையோடு அக்கோரிக்கையையும் ஒரே பதாகையில் எழுதவேண்டும். எம் சங்கக் கிளையின் சென்ற கூட்டத்தில் அதனை முன்மொழிந்தோம். ஆதரவாக ஏழு கைகள் உயர்ந்தன. அவற்றுள் ஒன்று துணைவியாருடையது.

வீட்டிலோ, சனி ஞாயிறுகளில் அடுப்பு எம் பொறுப்பு. சோறு சில நாட்களிற் குழைகின்றது; பருப்பு சில நாட்களிற் கருகுகின்றது. துணைவியார் மாடத்திலிருந்து நாளிதழ் வாசிக்கின்றார். தாயார் இடையிடையே குசினி வாசலுக்கு வந்து, ஏதோ பெயரை நினைவுபடுத்த முயல்பவர்போல் நிற்கின்றார். இன்னும் அப்பெயர் வரவில்லை.